பாறை இடுக்கில் ஒரு சிலுவை

முதலில் ஒரு ரகசியத்தைப் போட்டு உடைத்துவிடுகிறேன். அதை அடக்கி வைத்துக்கொண்டு என்னால் அடுத்த வரிக்கு நகர முடியாது.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் செடோனா என்று ஒரு ஊர். செக்கச்செவேலென்ற பாறைகள் சூழ்ந்த வறண்ட மேட்டுநிலம். அங்கே பாறையோடு பாறையாக நிற்கிறது ‘திருச்சிலுவைச் சிற்றாலயம்’ என்ற கத்தோலிக்கக் கோயில். படத்தில் நிச்சயம் பார்த்திருப்பீர்கள். இரண்டு பாறைமுளைகளுக்கு நடுவே ஒடுக்கமான கான்கிரீட் கட்டடம், முகப்பு முழுக்கக் கண்ணாடி, கண்ணாடியின் நடுவில் மேலிருந்து கீழ்வரை நீளும் பிரம்மாண்டமான சிலுவை. நாள்காட்டியில் போடுகிறார்கள், தபால் அட்டையில் போடுகிறார்கள், கைப்பேசியின் முகப்பில் வைத்துக்கொள்கிறார்கள். எல்லோரும் அதைக் கோயிலின் முன்பக்கம் என்றுதான் நினைத்துக்கொள்கிறார்கள்.

அது முன்பக்கமே இல்லை! அது பீடத்தின் முதுகு. வாசல் அதற்கு நேர் எதிர்ப்பக்கம் இருக்கிறது. உலகம் முழுக்கச் சுற்றிவந்த அந்தப் படத்தில் இருப்பது, உள்ளே குருவானவர் நிற்கும் இடத்துக்குப் பின்னால் இருக்கிற சுவர். சுவர்கூட இல்லை, கண்ணாடி. உள்ளே உட்கார்ந்து ஜெபம் செய்கிறவர், பீடத்தைத் தாண்டி, சிலுவையைத் தாண்டி, கீழே விரிந்து கிடக்கும் பள்ளத்தாக்கையும் வானத்தையும் பார்த்துக்கொண்டிருக்கிறார். நாம் கீழே சாலையில் நின்று அவரையே எதிர்ப்பக்கமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இது தெரிந்த நிமிடத்திலிருந்து அந்தப் படத்தைப் பழையபடி பார்க்க முடியவில்லை என்னால்.

இன்னொன்றும் உண்டு. அந்தச் சிலுவை, கட்டி முடித்த கட்டடத்தில் கொண்டுபோய் மாட்டிய அலங்காரம் இல்லை. அடிப்பாறையிலிருந்தே எழும்பி நிற்கும் அது கட்டடத்தின் அங்கம். கோயிலுக்காகச் சிலுவை செய்யவில்லை, சிலுவையைச் சுற்றிக் கோயில் கட்டியிருக்கிறார்கள். ஏன் அப்படி என்பதற்குப் பின்னால் 24 வருடக் கதை இருக்கிறது. வாருங்கள், ஒவ்வொரு கதவாகத் திறக்கலாம்.

நான் செஞ்சி வட்டத்து அனந்தபுரத்துக்காரன். பாறையைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்த கண் இது. எங்கள் பக்கம் பஸ்ஸில் போனாலே தெரியும், வயலுக்கு நடுவில் திடீரென்று ஒரு குன்று, குன்றின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக உருண்டைப் பாறைகள், எந்த நேரமும் விழுந்துவிடும் என்று தோன்றினாலும் விழாமல் நிற்கும். செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி ஏறத்தாழ 800 அடி. கிருஷ்ணகிரி, சந்திரகிரி இரண்டையும் சேர்த்து மூன்று மலையையும் மதிலால் கோத்துக் கட்டியிருக்கிறார்கள். 2025-ல் யுனெஸ்கோ மராட்டியரின் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, அதில் தமிழ்நாட்டுக்கான ஒரே இடம் செஞ்சிதான். பாறையை நம்பி வாழ்ந்த ஊர்களில் பிறந்தவனுக்கு, இன்னொரு பாறை தேசத்தில் ஒரு கோயிலைப் பாறையிடம் கேட்டுக்கேட்டுக் கட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்தால் சும்மா இருக்க முடியுமா?

பீனிக்ஸ் நகரில் வேலை பார்க்கும் சொந்தக்காரப் பையன் வீட்டுக்குப் போயிருந்தபோது, வந்த மறுநாளே அவனை நச்சரித்துக் கிளப்பிவிட்டேன். பீனிக்ஸிலிருந்து வடக்கே இரண்டு மணி நேரக் கார் பயணம். கிளம்பும்போது இருபுறமும் ஆளுயரத்துக்கு மேல் கைவிரித்து நிற்கும் சாகுவாரோ கள்ளிகள். ஏற ஏற அவை மறைந்து, குட்டை குட்டையான ஜூனிப்பர் மரங்கள் வருகின்றன. தரையோடு சப்பாத்திக்கள்ளி! நம் ஊர் வேலியோரத்துச் சப்பாத்திக்கள்ளியேதான். அதன் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம் என்று படித்திருந்தாலும், அதன் சொந்த மண்ணில் அதைப் பார்த்ததும் ஊர்க்காரரைப் பார்த்த மாதிரி ஒரு குதூகலம். அப்புறம் ஒரு திருப்பம். எதிரே முழுச் சிவப்பு.

இந்தச் சிவப்புக்குக் காரணம் இரும்பு. ஏறத்தாழ 28 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலோரத்து மணலாகக் கிடந்தது, இறுகிக் கல்லானது. மணல் ஒவ்வொன்றின் மேலும் மெல்லிய துருப் படலம். அந்தத் துருதான் இத்தனை மலையையும் சிவக்க வைத்திருக்கிறது. எங்கள் செஞ்சிக் கருங்கல் 200 கோடி ஆண்டுகளையும் தாண்டியது. அதோடு ஒப்பிட்டால் செடோனாப் பாறை இளசு, இனமும் வேறு. கருங்கல் பூமிக்குள் உருகி ஆறி உறைந்தது. இது மணற்கல். கட்டைவிரலை வைத்து அழுத்தித் தேய்த்தேன், ரேகையில் செம்பொடி ஒட்டிக்கொண்டது. எங்கள் ராஜகிரிப் பாறையில் தேய்த்தால் விரல்தான் தேயும். கல்லின் மேல் எதைக் கட்டுவதானாலும் முதலில் கல்லின் குணம் தெரிய வேண்டும். அந்த விதத்தில் செடோனாக்காரர்களுக்கு எங்களைவிடக் கஷ்டமான கணக்கு.

சரி, கதைக்கு வருகிறேன். கதாநாயகி மார்கரீட் பிரன்ஸ்விக் ஸ்டாட். 1899-ல் பிறந்த சிற்பி. அப்பா லூசியன் பிரன்ஸ்விக் பிரான்ஸில் பிறந்து அமெரிக்கா வந்து மருந்து மொத்த வியாபாரத்தில் பெரிய ஆளானவர். 1932-ல் மார்கரீட் நியூயார்க்கில் இருக்கிறார். 102 மாடி எம்பயர் ஸ்டேட் கட்டடம் திறந்து ஒரு வருடம்தான் ஆகிறது. உலகத்திலேயே உயரமான கட்டடத்தை எல்லோரும் அண்ணாந்து பார்த்து மாடியை எண்ணிக்கொண்டிருந்தபோது, இந்த அம்மா கண்ணுக்கு அதன் உடம்புக்குள் ஒரு சிலுவை தெரிந்திருக்கிறது! பார்க்கும் கோணத்தில் கட்டடத்தின் நடுத்தண்டும் குறுக்குக் கோடுகளும் சேர்ந்து சிலுவையாகத் தெரிந்தன. வியாபாரத்துக்காக எழுப்பிய கட்டடத்துக்குள்ளேயே சிலுவை இருக்குமானால், சிலுவையே எலும்பாக இருக்கிற ஒரு கோயில் ஏன் இருக்கக் கூடாது என்பதுதான் அவருக்குத் தோன்றிய கேள்வி. சிற்பிக்குத்தான் இப்படித் தோன்றும். கல்லுக்குள் உருவம் ஏற்கெனவே இருக்கிறது, வேண்டாததைத் தட்டி எடுத்தால் போதும் என்று நம்புகிற கூட்டம் அது.

அந்த எண்ணத்தைக் கட்டடக் கலைஞர் லாயிட் ரைட்டிடம் கொண்டுபோனார். புகழ்பெற்ற ஃபிராங்க் லாயிட் ரைட்டின் மகன் இவர். இரண்டு பேரும் சேர்ந்து திட்டம் தீட்டினார்கள். இடம் எது தெரியுமா? செடோனா கிடையாது, அமெரிக்காவே கிடையாது. ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்ட்! டான்யூப் நதியைப் பார்த்தபடி நிற்கும் கெல்லர்ட் குன்று.

இங்கே நான் கொஞ்சம் நிற்கப்போகிறேன், ஏனென்றால் கெல்லர்ட் குன்றின் கதை என்னைத் தூங்கவிடவில்லை. அந்தக் குன்றுக்குள்ளேயே ஏற்கெனவே ஒரு கத்தோலிக்கக் கோயில் இருக்கிறது. இயற்கையான குகையைப் பெரிதாக்கி 1926-ல் ஆலயமாக்கினார்கள், பின்னர் அது பவுலின் சபைத் துறவிகள் பொறுப்பில் இருந்தது. 1951-ல் கம்யூனிஸ்ட் அரசு துறவிகளைக் கைது செய்து, குகை வாயிலைக் கான்கிரீட் சுவர் எழுப்பி அடைத்தது. 1989-ல்தான் மறுபடி திறந்தது. இப்போது யோசியுங்கள். மார்கரீட்டின் கோயில் அங்கே எழும்பியிருந்தால்? அதுவும் அதே கதியைத்தான் கண்டிருக்கும். ஆனால் இரண்டாம் உலகப் போர் மூண்டது, திட்டம் அப்படியே நின்றது. ஏமாற்றம் என்று அன்றைக்கு அழுதிருப்பார் அந்த அம்மா. பாறை தேடிப் போன கோயிலுக்கு அது சரியான பாறை இல்லை என்று காலம் சொல்லியிருக்கிறது.

1941-ல் மார்கரீட்டும் கணவர் டோனியும் செடோனாவில் ஒரு பண்ணை வாங்கினார்கள். அப்போது அது சின்ன ஊர். பண்ணையிலிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் சிவப்புப் பாறை. நியூயார்க்கில் கண்ட சிலுவையைப் பல வருடம் மனதில் சுமந்தவருக்கு, கடைசியில் அது நிற்க வேண்டிய இடம் வீட்டு வாசலிலேயே கிடைத்தது. பெற்றோர் நினைவாக ஒரு கோயில் கட்டுவது என்று முடிவாயிற்று.

இடத்தைத் தேர்ந்தெடுத்தாகிவிட்டது. 1,000 அடி உயரச் செங்குத்துப் பாறைச்சுவர். அதிலிருந்து துருத்திக்கொண்டு வரும், ஏறத்தாழ 250 அடி உயரமான ஒரு கிளைப்பாறை, அதன் தலையில் இரண்டு முளை. இரண்டு முளைக்கும் நடுவில் ஓர் இடுக்கு. அங்கேதான்! ஆனால் அது அரசாங்க நிலம். கோகொனினோ தேசியக் காட்டின் எல்லைக்குள் வருகிறது. நம் ஊரில் வனத்துறை நிலத்தில் ஒரு கல் நட வேண்டுமானால் என்ன பாடு என்று உங்களுக்கே தெரியும், அங்கேயும் அப்படித்தான். இங்கே கதைக்குள் நுழைகிறார் செனட்டர் பாரி கோல்ட்வாட்டர். 1964-ல் அமெரிக்க ஜனாதிபதி தேர்தலில் நின்றாரே, அவரேதான். அவர் முன்னின்று உதவியதில் சிறப்பு அனுமதி கிடைத்தது. அரசியல்வாதி ஒருவர் சிபாரிசு செய்து வந்த நல்லது என்று நான் மனமாரப் பாராட்டுகிற விஷயங்களில் இதற்கு முதலிடம் தருவேன்.

வரைபடம் சான்ஃபிரான்சிஸ்கோவின் ஆன்ஷென் அண்ட் ஆலன் நிறுவனத்துடையது. திட்டத்துக்குத் தலைமை ரிச்சர்ட் ஹைன், வரைந்ததைக் கட்டடமாக்கிக் காட்டியவர் ஆகஸ்ட் ஸ்ட்ரோட்ஸ். இருவரும் அதே நிறுவனத்தார். தளத்தில் நின்று வேலை வாங்கிய மேற்பார்வையாளர் ஃபிரெட் கூர்கோஸ். 18 மாதத்தில், 3 லட்சம் டாலர் செலவில், 1956-ல் வேலை முடிந்தது. மறு வருடமே அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகத்தின் கௌரவ விருது.

இதில் என்னைச் சொக்க வைத்தது அந்தக் கோயிலின் அளவு. வானளாவிய கட்டடத்தைப் பார்த்துப் பிறந்த கனவு அது. நகரத்து நடுவில் பெரிய பேராலயமாக வளர்ந்திருக்க வேண்டியது. ஆனால் இந்த இடுக்குக்கு வந்ததும் அது சுருங்கிக்கொண்டது. பாறையிலிருந்து கட்டடம் எழும்புவது 70 அடிதான். பின்னால் 1,000 அடிச் சுவர் நிற்கும்போது 70 அடி என்பது ஒன்றுமே இல்லை. இரண்டு அண்ணன்மார் தோளோடு தோள் நின்று நடுவில் கடைக்குட்டியை நிறுத்திக்கொண்டதைப்போல, இரண்டு முளையும் கோயிலைத் தங்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டிருக்கின்றன. உயரத்தில் போட்டி போட்டிருந்தால் தோற்றிருக்கும். போட்டி போடவில்லை. அதனால்தான் மலையை விட்டுவிட்டு எல்லோரும் கோயிலைப் பார்க்கிறார்கள்.

எங்கள் ஊரில் கல்லுடைக்கும் பெரியவர் ஒருவரிடம் இந்தப் படங்களைக் காட்டினேன். வாழ்நாள் முழுக்க உளியும் சம்மட்டியுமாக இருந்தவர். கைப்பேசியைத் தள்ளிப் பிடித்து, கண்ணை இடுக்கி, ஒவ்வொரு படமாகப் பார்த்தார்.

“தம்பி, கல்ல ஒடச்சி எடம் பண்ணிக் கட்டனாங்களா, இல்ல கல்லுக்குத் தக்கன கட்டனாங்களா?”

“கல்லுக்குத் தக்கனதான் மாமா.”

“அப்ப நிக்கும்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “நம்ம பனமலையும் அப்படித்தான?” என்று கேட்டுவிட்டு எழுந்து போனார்.

பனமலை! எங்களுக்கு அடுத்த ஊர். பல்லவன் ராஜசிம்மன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குன்றின் மேல் எழுப்பிய தாளகிரீஸ்வரர் கோயில். கீழே ஏரி. மேலே ஏறிப் போனால், சின்ன சந்நிதி ஒன்றில் இன்னும் மிச்சமிருக்கிறது அந்த ஓவியம். ஈசனின் ஆட்டத்தைச் சாய்ந்து நின்று பார்க்கும் பார்வதி, தலைக்கு மேல் குடை. 1,300 வருடமாகியும் அந்த முகத்தின் வண்ணம் முழுக்கப் போகவில்லை. குன்றைத் தரைமட்டமாக்கி மேடை போட்டு அதன்மேல் கோயில் கட்டவில்லை ராஜசிம்மன். குன்றின் தலையிலேயே, அதன் போக்கிலேயே கட்டினான். அவனுக்கு நூறு வருடம் முன்பே மகேந்திரவர்மன் இதே விழுப்புரம் பக்கம் மண்டகப்பட்டில் இன்னொரு காரியம் செய்திருந்தான். செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுண்ணாம்புச் சாந்தும் இல்லை. பாறையையே குடைந்து மும்மூர்த்திகளுக்கு இடம் செய்து, அதைக் கல்வெட்டிலும் பெருமையாகச் சொல்லிக்கொண்டான். சிங்கவரத்தில் குடைவரைக்குள் ரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். திருநாதர்குன்றில் ஒரே பாறையில் 24 தீர்த்தங்கரர்கள் இரண்டு வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். செஞ்சிக் கோட்டைக்குள் நவாப் காலத்துப் பள்ளிவாசல். எந்த மதத்துக்காரர் வந்தாலும் எங்கள் பாறை இடம் கொடுத்திருக்கிறது.

கத்தோலிக்கத் துறவி ஒருவரும் வந்தார். 1597-ல் சேசு சபையின் நிக்கோலாஸ் பிமென்டா கிருஷ்ணப்ப நாயக்கரைப் பார்க்கச் செஞ்சிக்கு வந்தவர், இந்தியாவில் தான் கண்ட நகரங்களிலேயே பெரியது இதுதான், போர்ச்சுகலில் லிஸ்பனைத் தவிர இதற்கு ஈடில்லை என்கிற அளவுக்கு வியந்து எழுதினார். அந்தக் கண்ணில் பட்ட அதே பாறையைத்தான் நான் தினம் பார்க்கிறேன் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல். செடோனாவில் நின்றபோதும் பிமென்டாதான் நினைவுக்கு வந்தார்.

இனி உள்ளே போகலாம்.

கீழே வண்டியை விட்டுவிட்டு மேலே போக, பாறையை ஒட்டி வளைந்து ஏறும் சரிவுப் பாதை. படிக்கட்டாக வைத்திருக்கலாம். வைக்கவில்லை. வளைந்து வளைந்து ஏறுவதால் கோயில் ஒரு நிமிடம் தெரிகிறது, மறு நிமிடம் பாறைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. பாதை முழுக்க இடதும் வலதும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன். பெல் ராக், அதாவது மணியைக் கவிழ்த்து வைத்த உருவத்தில் ஒரு பாறை. அதன் பக்கத்தில் கோர்ட்ஹவுஸ் பியூட். தள்ளி கதீட்ரல் ராக். பேராலயத்தின் பெயரை மலைக்கு வைத்துவிட்டார்கள் மனிதர்கள், கோயில் கட்டுவதற்கு வெகுகாலம் முன்பே! கோயிலுக்குப் பக்கத்திலேயே முக்காடிட்டு நிற்கும் இரண்டு உருவங்கள் போலப் பாறைகள், ‘இரண்டு கன்னியர்’ என்று அவற்றுக்குப் பெயர். பக்கத்தில் குழந்தையை ஏந்திய தாய்போல இன்னொன்று. காற்றும் மழையும் செய்த சிலைகள் இவை. மார்கரீட்டுக்கு முன்பே அங்கே வேலையை ஆரம்பித்துவிட்ட சிற்பிகள்.

பாதையின் முடிவில் முற்றம். கைப்பிடிச் சுவர் ஓரத்தில் நின்றால் கட்டடத்தின் விலாப்பக்கம் முழுக்கக் கண்ணுக்கு எட்டும். நான் தேடிப் போனது அங்கேதான் இருந்தது. கான்கிரீட் பாறையைத் தொடும் கோடு! சுவரின் அடி நேர்க்கோட்டில் முடியவில்லை. பாறை மேடாகும் இடத்தில் சுவர் குட்டையாகிறது, பாறை பள்ளமாகும் இடத்தில் சுவர் இறங்கிப் போய் அதைத் தொடுகிறது. குனிந்து, ஏறக்குறைய மண்டியிட்டு, அந்தக் கோட்டை விரலால் தடவிக்கொண்டே போனேன். கான்கிரீட்டின் சொரசொரப்பும் மணற்கல்லின் சொரசொரப்பும் கைக்குக் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே பட்டன. வழவழவென்று பூசி, வெள்ளையடித்து, தனித்துத் தெரியும்படி செய்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கவே கூசுகிறது. எங்கள் பக்கத்துக் குன்றுகளில் அடிவாரம்வரை டைல்ஸ் ஒட்டி, பாறையில் பெயிண்டால் விளம்பரம் எழுதியிருப்பதைப் பார்க்கும்போது வரும் வயிற்றெரிச்சலை அங்கே நின்று கொஞ்சம் ஆற்றிக்கொண்டேன்.

கதவைத் தள்ளி உள்ளே போனதும் எல்லோரும் ஒன்றையே செய்கிறார்கள், நின்றுவிடுகிறார்கள். வாசலிலேயே கூட்டம் தேங்குவது அதனால்தான். எதிரே பீடம், அதன்பின் தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி, கண்ணாடியில் சிலுவை, சிலுவைக்கு அந்தப் பக்கம் வெட்டவெளி. பக்கச் சுவர்களில் பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை. வண்ணக் கண்ணாடி ஓவியமோ தங்க வேலைப்பாடோ கிடையாது. வரிசையாக பெஞ்சுகள், ஓரத்தில் சிவப்புக் கண்ணாடிக் கிண்ணங்களில் எரியும் மெழுகுவத்திகள். அவ்வளவுதான். பார்வை வேறெங்கும் போக வழியில்லாமல் செய்திருக்கிறார்கள். கண்ணாடிக்குப் புகைநிறம் கொடுத்திருப்பதில் ஒரு நன்மை உண்டு, அரிசோனா வெயில் கண்ணைக் குத்துவதில்லை, உள்ளே இதமான வெளிச்சம்தான் வருகிறது. மேகம் ஒன்று நகர்ந்தால் கோயிலுக்குள் நிறம் மாறுகிறது. நான் உட்கார்ந்திருந்த நேரத்தில் பள்ளத்தாக்கின் மேல் நிழல் ஒன்று ஓடிப் போனது, பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பினோம்.

சிலுவையில் இப்போது ஆண்டவரின் உருவம் இருக்கிறது. இதற்கும் ஒரு பின்கதை. 1956-ல் வைத்தது கீத் மன்ரோ என்ற சிற்பி செய்தது. ‘அணு யுகத்தின் கிறிஸ்து’ என்று அதை அழைத்தார்கள். பக்கத்து மாநிலமான நெவாடாவில் 1951 முதல் அணுகுண்டுச் சோதனை நடந்துகொண்டிருந்த காலம் என்பதை நினைத்துக்கொண்டால் அந்தப் பெயரின் வலி புரியும். மெலிந்து வற்றிய உருவம். பலருக்கு அது பிடிக்கவில்லை, சர்ச்சையானது, பின்னாளில் இறக்கிவிட்டார்கள். அப்புறம் வெகுகாலம் வெறும் சிலுவைதான். 2018-ல், செடோனாவிலேயே வாழும் சிற்பி ஜேம்ஸ் மியூர் செய்த 33 அடி உயர வெண்கலத் திருவுருவம் வந்தது. இயேசுவின் 33 வயதுக்கு 33 அடி. சிலுவையை வாழ்வின் மரமாக வடித்திருக்கிறார்.

என் கருத்தைக் கேட்டால், பழையதையும் நேரில் பார்த்திருக்க வேண்டும் என்று ஏங்குகிறேன். தன் காலத்தின் பயத்தைக் கோயிலுக்குள்ளேயே கொண்டுவந்து நிறுத்த ஒரு துணிச்சல் வேண்டும். மார்கரீட்டுக்கு அது இருந்தது. ஆனாலும் புதிய உருவத்தின் முன்னால் ஒரு பாட்டி நின்று முகத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே விசும்பியதைக் கண்டேன். அவரிடம் போய்க் கலைச் சர்ச்சையெல்லாம் பேச முடியாது.

தரைக்கு அடியில் இன்னொரு தளம் இருப்பதைப் பாதிப் பேர் கவனிப்பதே இல்லை. மேலே எல்லாம் வெட்டவெளி, வெளிச்சம் என்றால், கட்டடத்தின் நடைமுறைச் சமாசாரங்கள் எல்லாம் கீழே, பாறை மடியில். அங்கே இப்போது ஜெபமாலை, மெழுகுவத்தி, படங்கள் விற்கும் கடை இருக்கிறது. அந்தக் கடைக்கு நான் இறங்கிப் போனது ஜெபமாலை வாங்குவதற்கு மட்டுமில்லை, எந்த இடத்தில் பாறை எட்டிப் பார்க்கிறது என்று தேடவும்தான். பொறுப்பாக இருந்த அம்மா என் ஆர்வத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார்.

இது கத்தோலிக்கக் கோயில்தான், பீனிக்ஸ் மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் எந்த மதத்தைச் சேர்ந்தவருக்கும் கதவு திறந்திருக்க வேண்டும் என்று தொடக்கத்திலேயே விரும்பியவர் மார்கரீட். அது இன்றும் நடக்கிறது. நான் போன அன்று பொட்டு வைத்த குஜராத்திக் குடும்பம் ஒன்று, தலையில் முக்காடிட்ட இரண்டு பெண்கள், சைக்கிள் தொப்பியைக் கையில் பிடித்த இளைஞர்கள் என்று பெஞ்சில் எல்லோரும் கலந்துதான் உட்கார்ந்திருந்தோம். 2007-ல் அரிசோனா மக்கள் தங்கள் மாநிலத்தின் மனிதன் படைத்த ஏழு அதிசயங்களுக்கு வாக்களித்தபோது இதையும் தேர்ந்தெடுத்தார்கள். 2011-ல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்கள் பட்டியலிலும் சேர்ந்தது. மார்கரீட் 1988-ல் காலமானார். 30 வருடத்துக்கும் மேல் தன் கனவைக் கண்ணால் பார்த்துக்கொண்டே வாழ்ந்திருக்கிறார், எத்தனை சிற்பிகளுக்கு வாய்க்கும்?

அதே காலத்தில் கத்தோலிக்கத் திருச்சபை கட்டடக் கலையில் எவ்வளவு தைரியமாக இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். பிரான்ஸில் ரோன்ஷாம் குன்றின் மேல் லெ கொர்பூசியேயின் சிற்றாலயம் 1955-ல் திறந்தது. கான்கிரீட்டைக் கையால் பிசைந்து விட்டதுபோன்ற அந்தக் கூரை உலகையே பேச வைத்தது. அடுத்த வருடம் செடோனா. இந்த அலை நமக்கும் வந்தது. சென்னை சைதாப்பேட்டைச் சின்னமலைக்குப் போயிருக்கிறீர்களா? புனித தோமையார் ஒளிந்திருந்ததாக நம்பப்படும் பாறைக்குகை, பக்கத்தில் போர்ச்சுகீசியர் 1551-ல் கட்டிய ஆரோக்கிய மாதா கோயில். தோமையார் மறைந்து 1,900 வருடம் ஆனதை நினைத்து, 1971-ல் அங்கே வட்டவடிவப் புதிய ஆலயம் ஒன்று எழுந்தது. கிண்டி பக்கம் மெட்ரோவில் போகிறவர்கள் ஒரு நாள் இறங்கிப் பாருங்கள். குனிந்து அந்தக் குகைக்குள் போய், பாறையைக் கையால் தொட்டு, வெளியே வந்து வட்ட ஆலயத்துக்குள் நிமிர்ந்து நிற்கும்போது ஒரு மகிழ்ச்சி வரும், நான் அதற்கு உத்தரவாதம்.

செடோனா போக வாய்ப்பு இருக்கிறவர்களுக்குச் சில விஷயங்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. வண்டி நிறுத்தும் இடம் சின்னது, சீக்கிரம் நிரம்பிவிடும், ஆகவே காலையிலேயே போய்ச் சேருங்கள். கோடை வெயில் நம் அக்னி நட்சத்திரத்துக்குச் சளைத்ததில்லை, தண்ணீர் பாட்டிலை மறக்க வேண்டாம். ஊர் 4,000 அடிக்கு மேல் இருப்பதால் குளிர்காலத்தில் சில நாள் பனிகூட விழும், சிவப்பின் மேல் வெள்ளை! முதலில் கீழே சாலையிலேயே நின்று எல்லோரும் எடுக்கும் அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள். பிறகு மேலே ஏறி, உள்ளே போவதற்கு முன் முற்றத்தின் ஓரத்துக்குப் போய், சுவர் பாறையைத் தொடும் கோட்டைத் தேடிப் பிடியுங்கள். அதைப் பார்த்துவிட்டுப் போனால் உள்ளே இருக்கிற சிலுவை வேறு மாதிரி தெரியும்.

திரும்பி வந்ததும் செஞ்சிப் பக்கம் வாருங்கள். பனமலைக்கு ஏறும் வழியை நானே கூட வந்து காட்டுகிறேன்.